கூட இருக்க ஓர் ஆள்

டிசம்பர் முதல் சனிக்கிழமை வந்தால் குமாரபாளையத்துச் சபையிலிருந்து ஒரு வண்டி காப்பகத்துக்குக் கிளம்பும். பதினொரு வருஷமாக இதுதான் வழக்கம். வண்டி செங்கோட்டையனுடையது. உள்ளே அடுக்கியிருக்கிற பெட்ஷீட்டுகளும் அவர் தறியில் ஓடியவைதான். எட்டுத் தறி வைத்திருந்தார். ஆடி கழிந்ததும் அதில் ஒன்றை ஒதுக்கி, நல்ல நூலாகப் பார்த்துப் பாவு ஏற்றி, அறுபத்து நாலு பெட்ஷீட் ஓட்டி, ஓரத்தில் சபையின் பெயரை நீல எழுத்தில் அச்சடித்து வைத்துவிடுவார். அந்த வேலையை மட்டும் மேஸ்திரியிடம் விடமாட்டார்.

காப்பகம் பள்ளிபாளையம் போகிற வழியில் கரும்புக்காட்டைத் தாண்டி இருந்தது. டோல்கேட்டிலும் பஸ் ஸ்டாண்டிலும் கேட்பாரில்லாமல் கிடந்தவர்கள் நாற்பத்தோரு பேர் அங்கே இருந்தார்கள். அதை நடத்தியவர் பூவாத்தாள். ஆஸ்பத்திரி ஒன்றில் இருபது வருஷம் ஆயா வேலை பார்த்துவிட்டு, கையிலிருந்த பணத்தையெல்லாம் போட்டு ஆரம்பித்த இடம் அது. அவருக்குச் சபையும் கிடையாது, சங்கமும் கிடையாது. வாசலில் மாரியம்மன் படம் ஒன்று மாட்டியிருக்கும், அவ்வளவுதான்.

அந்த வருஷம் வண்டி வாசலில் நின்றதும் பூவாத்தாள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"அண்ணா, கோவிச்சுக்காதீங்க. வண்டியை இறக்க வேண்டாமுங்க."

செங்கோட்டையனுக்கு முதலில் புரியவில்லை. "ஏனுங்க, உள்ள எடமில்லீங்களா? வராந்தாவுல அடுக்கிப் போடலாமுங்க."

பூவாத்தாள் அவரை உள்ளே கூட்டிப்போய் ஒரு அறையைத் திறந்து காட்டினார். சுவர் உயரத்துக்கு பெட்ஷீட்டுகள். போன வருஷம் இவர் கொடுத்தது பாலித்தீன் கவர் பிரிக்காமல் அப்படியே இருந்தது. அதற்கு முந்தின வருஷத்தது பாதி. லாரிக்காரர்கள் கொடுத்தது, காலேஜ் பிள்ளைகள் கொடுத்தது, யாரோ கல்யாண நாளுக்குக் கொடுத்தது எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.

"தீவாளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஆளு மேல ஆளு வாராங்க. கேக்கு வருது, பிரியாணி வருது. இங்க பாதிப் பேருக்குச் சர்க்கரைங்க. ஆனி மாசத்துல எட்டிப் பாக்க ஒரு நாதியில்லை."

"செரி, வேற என்ன வேணுமுங்க? சொல்லுங்க, வாங்கிப் போட்டுடலாம்."

"கடையில வாங்கற சாமான் இல்லீங்கண்ணா. ஆளு வேணும்."

பிறகு நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். காப்பகத்தில் யாருக்காவது உடம்பு முடியாமல் சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தால் கூட இருக்க ஓர் ஆள் வேண்டும். மருந்துச் சீட்டு வாங்க, ஸ்கேனுக்குத் தள்ளிப்போக, சோறு ஊட்ட, கழுவிவிட என்று எல்லாவற்றுக்கும் மற்ற நோயாளிகளுக்குச் சொந்தக்காரர்கள் இருப்பார்கள். இவர்களுக்கு யார்? இப்போது சடையன் என்று ஒருத்தர் கால் புண்ணோடு அங்கே இருக்கிறார். ராத்திரிக்குக் காப்பகத்து வாட்ச்மேன் ஆண்டி போய்விடுகிறார். பகலில் சமையல்காரப் பெண் இலக்கியா ஒன்பது நாளாக அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள். இங்கே நாற்பது பேருக்கும் பூவாத்தாளே சமைத்து, பூவாத்தாளே ஊட்டி, பூவாத்தாளே துணி துவைக்கிறார்.

"அந்தப் புள்ளயோட கொழந்தை பக்கத்து ஊட்டுல கெடக்குதுங்க. பகல்ல ஒரு ஆம்பளையாள் அவளுக்கு மாத்தா ஒக்காந்தாப் போதும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

செங்கோட்டையன் வண்டியைத் திருப்பினார். வழியெல்லாம் முகம் எரிந்தது. கொடுக்கப் போனவனை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்புவது எந்த ஊர் நியாயம்?

சபையின் ஆயர் ஒரு பெண். வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. எல்லோரும் அவரை ஆயரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். செங்கோட்டையன் கோபமாகச் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "அந்தம்மா சொன்னதை அப்படியே நாளைக்கு ஆராதனையில சொல்லட்டுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

சொன்னார். பிரசங்கமாக நீட்டவில்லை, அறிவிப்பாகத்தான் சொன்னார். காணிக்கைப் பை நன்றாகவே நிறைந்தது. ஆனால் "பகலில் போய் உட்கார யார் வருகிறீர்கள்?" என்று கேட்டபோது சபை அசையவில்லை. சிலர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்கள். பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.

பெண்கள் பக்கத்திலிருந்து செங்கோட்டையனின் மனைவி வித்யா எழுந்தாள். "ஆம்பளைங்க வார்டுங்கறதால பாக்கறேன். இல்லீன்னா நா நாளைக்கே போயிருவனுங்க." அவள் யாரையும் குறிப்பிட்டுப் பார்க்கவில்லை. ஆனால் சபை முழுக்கச் செங்கோட்டையனைத்தான் பார்த்தது.

"ஒரு நாள்தானுங்களே," என்றார் அவர். "நா போறேன்."

திங்கட்கிழமை காலை ஏழரைக்கு வார்டில் இருந்தார். இலக்கியா சடையனின் மருந்துகளை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுத்தாள். கட்டிலுக்குக் கீழே பக்கெட், மக், பெட்பேன். "பெரிய டாக்டர் பத்து மணிக்கு வருவாருங்க. அந்நேரம் வெளிய போயிறாதீங்க," என்று சொல்லிவிட்டுத் தன் பையை எடுத்துக்கொண்டு ஓட்டமாக ஓடினாள்.

சடையனுக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். ஆஜானுபாகுவான ஆள். திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் முப்பது வருஷம் வடநாடு பூராவும் ஆழ்துளைக் கிணறு போட்டுத் திரிந்தவர். கல்யாணம் பண்ணிக்கொள்ள நேரமில்லாமலே போயிற்றாம். சர்க்கரை வந்து, வேலை போய், டோல்கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மூடின டீக்கடையில் விழுந்து கிடந்தவரைப் பூவாத்தாள் தூக்கி வந்திருந்தார். இடது பாதம் கட்டுக்குள் இருந்தது. கட்டையும் மீறி நாற்றம் வந்தது.

"நீங்க ஆருங்க?"

"செங்கோட்டையன். கொமாரபாளையம் சபையில இருந்து வாரேன்."

"ஓ, பெட்ஷீட்டு மொதலாளி." சடையன் கண்ணை மூடிக்கொண்டார். "நல்ல எழுத்துங்க உங்களுது. படுத்தா மூஞ்சிக்கு நேராவே வருது."

கிண்டலா இல்லையா என்று செங்கோட்டையனுக்குத் தெரியவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

ஒன்பது மணிக்கு சடையனுக்கு வயிறு கலக்கியது. செங்கோட்டையன் பதறிப்போய் ஆயாவைத் தேடி ஓடினார். அந்த அம்மா ஒரு கையில் மாப்பும் மறுகையில் வாளியுமாக நின்றுகொண்டு, "கூட இருக்கறவரு நீங்கதானே? வையுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

செங்கோட்டையன் தன் வாழ்நாளில் அந்த வேலையை யாருக்கும் செய்ததில்லை. பெற்ற பிள்ளைகளுக்கும் இல்லை, படுக்கையில் கிடந்த அப்பாவுக்கும் இல்லை. பெட்பேனை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்றுகூடத் தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். எண்பது கிலோ ஆளைப் புரட்டப் பார்த்தார், அசையவில்லை. சடையன் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு கெட்ட வார்த்தை சொன்னார்.

அடுத்த கட்டிலில் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்த ஹபீப் எழுந்து வந்தார். சேலத்தில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருப்பவர், மூன்று வாரமாக அங்கே இருக்கிறார். "கையால தள்ளாதீங்க அண்ணே, உங்க இடுப்புதான் போகும்," என்றவர் ஒரு பெட்ஷீட்டை இரண்டாக மடித்து சடையனின் முதுகுக்கடியில் செருகி, "அந்த முனையைப் பிடிங்க. நான் சொன்னதும் உங்க பக்கம் இழுங்க," என்றார். இழுத்ததும் சடையன் சுலபமாகப் புரண்டார்.

மீதியைச் செங்கோட்டையனே செய்தார். வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, தலையை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு கழுவிவிட்டார். தண்ணீர் சிந்திக் கட்டில் நனைந்தது. மறுபடி துடைத்தார். முடிந்து கை கழுவப் போன இடத்தில் ஐந்து நிமிஷம் குழாயைத் திறந்துவிட்டபடியே நின்றார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து வித்யாவிடம் நடந்ததைச் சொன்னார். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "பச்சைத் தண்ணி ஊத்தினீங்களாக்கும்? வெதுவெதுப்பா ஊத்தணும். ஒரு பழைய துணியை நனைச்சுத் தொடைச்சுட்டு அப்புறம் தண்ணி ஊத்துங்க. உங்கப்பாவுக்கு நாலு மாசம் அப்படித்தான் பண்ணினேன்."

அந்த நாலு மாசமும் அவர் தறிப்பட்டறையில்தான் இருந்தார். காலையில் போகும்போது கட்டிலோரம் வந்து, "அப்பா, வாரேன்," என்று சொல்லிவிட்டுப் போவார். அவ்வளவுதான் அவர் செய்தது. வித்யா அதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை.

ஒரு நாள் என்றவர் செவ்வாயும் போனார், புதனும் போனார். வேறு ஆள் கிடைக்கவில்லை. புதன்கிழமை பெரிய டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் தெளிவாகச் சொல்லிவிட்டார். முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும். நாளைக்கே. தள்ளிப்போட்டால் விஷம் உடம்பில் ஏறிவிடும்.

சடையன், "வேண்டாமுங்க," என்றார்.

டாக்டர் இரண்டாம் முறையும் விளக்கினார். சடையன் பொறுமையாகக் கேட்டுவிட்டு அதே வார்த்தையைத் திரும்பச் சொன்னார். "கூட இருக்கறவங்க எடுத்துச் சொல்லுங்க. சாயங்காலத்துக்குள்ள கையெழுத்து வேணும்," என்று செங்கோட்டையனிடம் சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

செங்கோட்டையன் வெளியே போய்ப் பூவாத்தாளுக்குப் போன் போட்டார். "காலை எடுக்கணும்னு போன வாரமே ஒரு பேச்சு வந்துச்சுங்க. எங்கிட்டயும் அப்பவே வேண்டாம்னுட்டாரு. என்னான்னு கேட்டா வாயைத் தொறக்க மாட்டேங்கறாரு. நீங்க பேசிப் பாருங்கண்ணா," என்றார் அவர்.

திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். என்ன பேசுவதென்று தெரியவில்லை. தறிக்காரர்களிடம் கூலி பேசத் தெரியும், யாவாரியிடம் விலை பேசத் தெரியும்.

"பயமா இருக்குதுங்களா?"

"பயமா?" சடையன் சிரித்தார். "ராஜஸ்தான்ல ரிக் ரோப் அறுந்து எம் பக்கத்துல நின்னவன் செத்தான். நா அன்னிக்குச் சாயங்காலம் ரொட்டி தின்னவன்."

"அப்புறம் ஏனுங்க?"

சடையன் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"காலு போச்சுன்னா கக்கூசுக்கு என்னை ஆரு தூக்குவா? ஆண்டிக்கு இப்பவே இடுப்பு புடிச்சுக் கெடக்குது. பூவாத்தாளுக்கு வயசாச்சு. அந்தச் சமையக்காரப் புள்ள நாப்பது கிலோ இருப்பாளா? அவதான் தூக்கணும். தெனமும் தூக்கணும். சோத்துக்கு ஒரு வாய் கூடுனா ஒரு பிடி அரிசி சேத்துப் போட்டுக்கலாம். எம்பது கிலோவைத் தூக்கற வேலையை எங்க போய்ச் சேத்துப் போடறது? அதுக்கு இப்படியே போயிட்டா எல்லாருக்கும் சவுரியம்."

செங்கோட்டையன் ஸ்டூலைக் கட்டிலோரம் நெருக்கிப் போட்டுக்கொண்டார்.

"நா வாரேன்," என்றார்.

வாயிலிருந்து வந்த பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்தது.

சடையன் தலையைத் திருப்பி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எப்ப?"

"செவ்வாக்கெழமை, வெள்ளிக்கெழமை."

"எத்தனை மணிக்கு?"

"மூணு மணிக்கு. பட்டறையில ஆளு மாத்திவிட்டு வந்துருவேன்."

"எத்தனை நாளைக்கு?"

சரக்கு என்றைக்கு வரும் என்று கேட்கிற யாவாரியிடம் முடியாத தேதியைச் செங்கோட்டையன் ஒருநாளும் சொன்னதில்லை. விரலை மடக்கி யோசித்தார். தை, மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி. ஆனி, ஆடியில் ஆர்டர் குவியும்.

"ஆறு மாசம். அதுக்கப்புறம் எப்படின்னு அப்பப் பேசிக்கலாம். மத்த நாளுக்கு ஆளு புடிக்கப் பாக்கறேன். கெடைக்கும்னு இப்பச் சொல்ல முடியாது."

"சாகற வரைக்கும் வாரேன்னு நீங்க சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டனுங்க," என்றார் சடையன். பிறகு, "அந்தப் பேப்பரைக் கொண்டாரச் சொல்லுங்க."

நர்ஸ் பேப்பரும் மைப்பெட்டியும் கொண்டுவந்தார். சடையன் இடது கைப் பெருவிரலை அழுத்தி வைத்தார். சாட்சிக்குச் செங்கோட்டையன் கையெழுத்துப் போட்டார்.

"நீங்க அவருக்கு என்ன உறவு?" என்று கேட்டார் நர்ஸ்.

"உறவெல்லாம் இல்லீங்க. கூட இருக்கேன்."

நர்ஸ் 'தெரிந்தவர்' என்று எழுதிக்கொண்டார்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். செங்கோட்டையனால் ஜெபம் பண்ணக்கூட ஒரு நிலையில் நிற்க முடியவில்லை. வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். ஹபீப் இரண்டு டம்ளர் டீ வாங்கிவந்து ஒன்றை அவர் கையில் திணித்தார். "எந்தம்பிக்கும் ரெண்டு மணி நேரம் ஆச்சு அண்ணே. உக்காருங்க."

ஒன்றேகால் மணிக்குச் சடையன் வெளியே வந்தார். மயக்கம் தெளிய நாலு மணி ஆனது. கண் திறந்ததும் கீழே பார்க்கவில்லை. "தண்ணி," என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆயரம்மா கேட்டுக்கொண்டபடி செங்கோட்டையன் சபை முன்னால் நின்றார். அவருக்கு மேடைப் பேச்சு வராது. போன வாரம் பெட்ஷீட் திரும்பி வந்ததையும், பெட்பேன் வைக்கத் தெரியாமல் நின்றதையும், சடையன் கேட்ட மூன்று கேள்வியையும் மறைக்காமல் சொன்னார். "இரக்கம் எல்லாருக்கும் இருக்குதுங்க. அது பத்தாது. செவ்வாக்கெழமை வேணும், புதன்கெழமை வேணும். எந்தக் கெழமை உங்களால ஆகும்னு மட்டும் எழுதிக் குடுங்க. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லீருங்க, தப்பில்லை."

பதினேழு பேர் பெயர் கொடுத்தார்கள். பொங்கல் கழிந்தபோது அதில் ஒன்பது பேர்தான் மிஞ்சினார்கள். உரக்க ஜெபம் பண்ணுகிற சிலர் இரண்டாம் வாரமே நின்றுவிட்டார்கள். கீர்த்தனைக்குத் தபேலா வாசிக்கிற காளிதாஸ், ஆராதனை முடியும் முன்பே நழுவுகிறவன் என்று பெயரெடுத்தவன், ஒரு சனிக்கிழமையைக்கூட விடவில்லை. ரிட்டயர்டு ஆன வாத்தியார் ஒருவர் தூக்க முடியாது என்பதால் மருந்துச் சீட்டு வேலையை எடுத்துக்கொண்டார். சேலத்தில் யாரைச் சேர்த்தாலும் இங்கிருந்து ஆள் போய்ச் சேரும்வரை ஹபீபும் அவர் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரர் இம்தியாஸும் முறைவைத்துக் கவனித்துக்கொண்டார்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. தம்பி வீடு திரும்பிய அன்று ஹபீபே, "எனக்கு ஆஸ்பத்திரி அரை மணி நேரம்தான் அண்ணே, நம்பரை வெச்சுக்குங்க," என்று சொல்லியிருந்தார்.

வரமுடியாதவர்கள் வேறு விதமாகக் கைகொடுத்தார்கள். சபையார் விளைச்சலைக் கொண்டுவந்து படைக்கிற அறுப்பின் பண்டிகையின் ஏலத்தில் வழக்கம்போல் பூசணிக்காயும் சேவலும் கரும்புக்கட்டும் கூவிக்கூவி விலை ஏறின. ஏலப் பணத்தை என்ன செய்யலாம் என்று இந்த முறை கமிட்டி தானாக முடிவுசெய்யவில்லை, பூவாத்தாளைக் கேட்டது. அவர், தூக்கிப் புரட்டத் தெரிந்த ஒரு ஆம்பளை ஆளுக்கு ஒரு வருஷச் சம்பளமும், கழிப்பறையில் பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பியும் கேட்டார். கொடுத்தார்கள். சபையின் பெயரை எங்கேயும் எழுதவில்லை. எழுத இடமும் இல்லை. திரும்பிவந்த அறுபத்து நாலு பெட்ஷீட்டையும் பெண்கள் சங்கத்தார் பாதியாக வெட்டி ஓரம் அடித்து, ஆளைப் புரட்டுவதற்கான விரிப்பாக ஆக்கிவிட்டார்கள். வெட்டின இடத்தில் பெயரும் இரண்டாகப் போனது. செங்கோட்டையன் அதைப் பார்த்துவிட்டு, "கத்திரி மழுங்கியிருக்குது போல," என்று மட்டும் சொன்னார்.

எல்லாமே சுமுகமாக நடந்தது என்று சொல்ல முடியாது. சடையன் காப்பகத்துக்குத் திரும்பிய பிறகு, தையில் இரண்டு வெள்ளிக்கிழமை செங்கோட்டையனால் போக முடியவில்லை. ஒருநாள் மேஸ்திரி வராமல் தறி நின்றது. இன்னொரு நாள் உண்மையில் அலுப்புத்தான். அடுத்த செவ்வாய்க்கிழமை போனபோது சடையன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரைச் சமாதானப்படுத்த அரை மணி நேரம் ஆனது. காலில்லாத இடத்தில் அரிக்கிறது என்று சடையன் சில நாள் கத்துவார், எதிரே நிற்பவரை வாய்க்கு வந்தபடி திட்டுவார். சில நாள் ரிக் வண்டிக் கதை சொல்லிக் காப்பகத்தையே சிரிக்க வைப்பார். மாசியில் ஊன்றுகோலை வைத்துக்கொண்டு ஏழெட்டு அடி போனார். விழுந்தார். மறுபடி எழுந்துகொண்டார்.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை. சடையனைக் குளிக்க வைத்து, சேரில் உட்கார வைத்துத் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது பூவாத்தாள் வந்தார். காளியாத்தாள் என்கிற அம்மாளுக்குக் காலையில் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதாம். சேலத்தில் சேர்த்தாகிவிட்டது. பெண்கள் வார்டு. இலக்கியா இன்றைக்கு இருப்பாள், நாளை காலைக்கு ஆள் வேண்டும்.

செங்கோட்டையன் வித்யாவுக்குப் போன் போட்டார். அவள், "செரி," என்றாள்.

மறுநாள் காலை ஐந்தேமுக்காலுக்கு அவளைப் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டார். ஒரு பையில் துண்டு, ஃபிளாஸ்க், மாற்றுப் புடவை. சேலம் பஸ் கிளம்பத் தயாராக நின்றது.

"சாயங்காலம் கூப்பிட வரட்டுமா?"

"வேண்டாமுங்க, நானே வந்துக்கறேன். மாவு இருக்குது, தோசை சுட்டுத் தின்னுங்க. மோட்டாரைப் போட்டுட்டு அப்படியே பட்டறைக்குப் போயிறாதீங்க, தொட்டி ரொம்பி ஓடும்."

பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வண்டி சேலம் ரோட்டில் ஏறிப் போனது. செங்கோட்டையன் வீட்டுக்குப் போய் மோட்டாரைப் போட்டுவிட்டு, தண்ணீர் ரொம்பும்வரை தொட்டியோரமே நின்றார்.